பெட்டியின் மேல் எழுதாதது

தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஆபீஸ்.
ஒரு கம்ப்யூட்டர், ஒன்றரை நாற்காலி.
கீழே ஸ்கேன் ரிப்போர்ட் நகலெடுக்க
வங்காளமும் தெலுங்கும் அசாமியும்
வெயிலில் ஒரே வரிசையாக நிற்கும்.

போன மாதம் ஒரு மெஸ்ஸுக்கு மீன் வரைந்தேன்.
"மீன் சிரிக்கணும்" என்றார் முதலாளி.
"குழம்புல விழப்போற மீன் எதுக்குங்க சிரிக்கணும்?"
"சாப்பிட வர்றவங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றாங்கம்மா."
சிரிக்க வைத்தேன்.
அட்வான்ஸ் ஐநூறு. மீதி இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எஸ்தர் கனகமணி வந்தார்.
கஸ்பாவில் தகர ஷெட், ஆறு பெண்கள், இரண்டு மிஷின்.
உணர்ச்சி செத்த பாதங்களுக்குச் செருப்பு செய்கிறார்கள்.
சர்க்கரையில் செத்தவை,
எப்போதோ குணமான தொழுநோய் விட்டுப்போனவை,
ஆணி ஏறினாலும்
மேலே சேதி சொல்லாத கால்கள்.

தொழிலா தொண்டா என்று கேட்டேன்.
என் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது.
"மிஞ்சினா தொழில்,
மிஞ்சலைன்னா தொண்டு" என்றார்.
இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனி பணம் தருகிறதாம்.
ஆனால் கதை கேட்கிறது.
கதைதானே, எனக்கு வரும்.
பாதத்திலிருந்து இலை முளைக்கும் லோகோ போட்டேன்.
"வலி அறியாப் பாதத்துக்கு வழி அறிந்த செருப்பு" என்று எழுதிவிட்டு
லகரமும் ழகரமும் அமைந்த அழகில்
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
பெட்டியின் மேல் நாகபூஷணத்தின் இடது பாதம்.
மூன்று விரல், கறுப்பு வெள்ளை.
எடுபடும் என்று நினைத்தேன்.
அந்தச் சொல்லைத்தான் நினைத்தேன்.

ரப்பர் வெட்டும் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.
தூள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்.
குல்ஷன் கத்தியைக் கீழே வைத்தாள்.
யாரும் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை.
நாகபூஷணம் மட்டும்
காலை மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

படம் எடுக்க ஒப்புக்கொண்டவர்தான்.
கையெழுத்தும் போட்டிருந்தார்.

"படம் நல்லாதாம்மா இருக்குது.
போன ஆவணில லத்தேரியில தங்கச்சி பையனுக்குக் கல்யாணம்.
மண்டப வாசல்ல எல்லார் செருப்போடயும்
என் செருப்பும் கெடந்துச்சு.
ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.
எவளோ ஒருத்தி தன்னோடதுன்னு மாட்டிக்கிட்டு
பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டா.
ஓடி வந்து குடுத்துட்டு மன்னிச்சுக்கோன்னா.
எனக்கு, எப்படிச் சொல்றது,
அன்னிக்கு சாப்பாடே எறங்கல. சந்தோஷத்துல."

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை.
ஜன்னல் வழியே கோட்டைச் சுவரைப் பார்த்தார்,
அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

இலையை அழித்தேன்.
பாதத்தை அழித்தேன்.
அந்த வரியை அழிக்க மட்டும் மூன்று நாளானது.
கடைசியில் நின்றது ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி,
'ஜோடி' என்று பெயர்,
நம்பர் ஏழு, பிரவுன்.
அவ்வளவுக்கா காசு என்று எஸ்தர் கேட்பார் என்று பயந்தேன்.
அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
பின்பக்கமும் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

பெங்களூருக்கு என்ன அனுப்புவது?
நாகபூஷணத்திடம் போய்க் கேட்டேன்,
கல்யாணக் கதையைச் சொல்லலாமா.
"பேரை மாத்திக்க."
மாற்றியிருக்கிறேன். ஊரையும் மாற்றியிருக்கிறேன்,
இங்கே உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கதை பிடித்திருக்கிறது, படம் ஒன்று தேவை என்று பதில் வந்தது.
முகூர்த்த நாளாகப் பார்த்து
சத்துவாச்சாரியில் ஒரு மண்டப வாசலில் எடுத்து அனுப்பினேன்.
இருநூறு செருப்பு இருக்கும்,
ஒன்றின் மேல் ஒன்று, குப்புற, மல்லாக்க.
இதில் உங்கள் செருப்பு எது என்று கேட்டிருந்தார்கள்.

அதுதான், என்று எழுதினேன்.